நாலாம் கப்பல் இன்பராஜ்

செம்புலத்தில் கால்பந்து ஆட்டம் என்றால் பாதி நேரம் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். செவ்வாயின் ஈர்ப்பு, பூமியினுடையதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஒருவர் ஓங்கி உதைத்தால் பந்து ஊரையே மூடியிருக்கும் கண்ணாடிக் கவிகையின் உச்சியில் கட்டியிருக்கும் கூரைவலையைத் தொட்டுவிட்டு, எந்த அவசரமும் இல்லாமல் கீழே இறங்கும். அதற்குள் ஆட்டக்காரர்கள் ஷூ லேஸைக் கட்டிக்கொள்வார்கள். எதிரணிக்காரரிடம் வீட்டு நலம் விசாரிப்பார்கள். அப்படிப் பேசிப் பேசியே ஒரு நடுவர் தன் மகளுக்குச் சம்பந்தம் முடித்துவிட்டதாகக்கூட ஊரில் ஒரு பேச்சு உண்டு. கடைசியில் பந்து இறங்கும் இடத்தில் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர் கூடி ஒன்றாக எம்புவார்கள். எம்பியவர்கள் தரைக்கு வந்துசேரவும் நேரமாகும்.

கால்பந்து என்றால் இதுதான் என்று செம்புலம் நம்பியிருந்தது, இன்பராஜ் ஆட வரும்வரை.

இன்பராஜின் அப்பா தேவசகாயமும் அம்மா ஸ்டெல்லாவும் வியாசர்பாடியிலிருந்து நாலாம் கப்பலில் வந்தவர்கள். முதல் மூன்று கப்பல்களில் வந்தவர்களே கவிகைக்குள் இருந்த வீடுகளை எல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டதால், நாலாம் கப்பல்காரர்களுக்குத் தரைக்கு அடியில், தண்ணீர்க் குழாய்களும் காற்றுக் குழாய்களும் ஓடும் சுரங்க வழியில் இடம் ஒதுக்கினார்கள். அதற்குக் குழாய்த்தெரு என்று பெயர். உயரமானவர்கள் அங்கே தலையைக் குனிந்துதான் நடக்க வேண்டும். அந்தத் தெருவில் பிள்ளைகள் விளையாடும்போது பந்து குழாயில் பட்டால் உடனே மணி அடிக்கும். பராமரிப்பு எந்திரன் ஒன்று உருண்டு வந்து, தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றி நீண்ட சொற்பொழிவு ஆற்றும். அதை முழுவதும் நின்று கேட்காவிட்டால் வீட்டுக்குத் தண்ணீர் வராது. ஆகவே குழாய்த்தெருப் பிள்ளைகள் பந்தை முழங்காலுக்கு மேலே எழும்ப விடாமல் ஆடப் பழகினார்கள்.

இருபது வயதில் இன்பராஜ் கவிகைக்குள் முதன்முதலாக ஆட இறங்கியபோது, மற்றவர்கள் வழக்கம்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து அவர்கள் கால்களுக்கிடையே போய்க்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தில் அவன் நான்கு கோல் அடித்தான். எதிரணியின் கோல்கீப்பர் நான்காவது கோலைப் பார்க்கவே இல்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

அடுத்த இரண்டு வருடங்களில் உள்ளூர்ப் போட்டிகளில் அவன் அடிக்காத கோல் இல்லை. ஆனால் அவன் ஆசை வேறு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை பூமியிலிருந்து ஓர் அணி ஏழு மாதம் பயணம் செய்து வந்து செம்புலத்தோடு இருகோள் கோப்பைக்காக மோதும். பூமிக்காரர்களின் கால்கள் கனமான ஈர்ப்பில் வளர்ந்தவை. இங்கே அவர்கள் வெட்டுக்கிளிகள்போல் துள்ளுவார்கள். செம்புலம் அவர்களை ஒருமுறைகூட வென்றதில்லை. அந்த ஆட்டத்தில் செம்புலத்தின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும் என்பது இன்பராஜின் கனவு.

அதற்கு அவனுடைய பிறப்பு குறுக்கே நின்றது. கப்பலில் ஏறும்போது தான் பிள்ளையுண்டாகியிருப்பது ஸ்டெல்லாவுக்கே தெரியாது. செவ்வாயில் இறங்கப் பதினொரு நாள் இருக்கும்போது அவன் பிறந்துவிட்டான். பிறப்பைப் பதிந்த கப்பல் அதிகாரி, பிறந்த இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, 'வழியில்' என்று எழுதிவிட்டார். செம்புல அணியில் ஆட வேண்டுமானால் செவ்வாயில் பிறந்திருக்க வேண்டும் என்பது கால்பந்து வாரியத்தின் விதி.

வாரியத்தின் தலைவர் நாச்சிமுத்து. கோயம்புத்தூரில் பம்புசெட் பொறியாளராக இருந்து, முதல் கப்பலில் வந்தவர். அது ஐம்பது வருடங்களுக்கு முந்தைய கதை. முதல் கப்பல்காரர்கள் தங்களைச் செவ்வாயின் பூர்வகுடிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். மறுத்துச் சொல்ல அங்கே வேறு யாரும் இருந்ததில்லை. நாச்சிமுத்து கெட்டவர் அல்ல. இன்பராஜை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்து, ஈரோட்டு மஞ்சள் போட்டுக் காய்ச்சிய பால் கொடுத்து, மிகுந்த வருத்தத்தோடுதான் சொன்னார்.

"தம்பி, உங்க ஆட்டத்துல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. பதினோரு நாள் பொறுத்துப் பொறந்திருந்தீங்கன்னா ஒரு பிரச்சனையும் வந்திருக்காதுங்க."

இன்பராஜ் தன்மேல்தான் தவறு என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு வந்தான். ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்தது. பிரசவ வலியை அடக்கிவைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பெரியவர் எதிர்பார்க்கிறாரா என்று கேட்டுக்கொண்டே நீர்ப்பாசி மாவுத் தோசையைத் தட்டில் அடித்துப் போட்டாள். குழாய்த்தெருவில் அவள் ஒரு சின்ன மெஸ் நடத்தினாள். தேவசகாயம் கவிகைக் கண்ணாடியிலிருந்து புழுதி துடைக்கும் வேலைக்குப் போனார்.

ஆனால் ஊர் விடவில்லை. பூமியை ஒருமுறையாவது தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசை முதல் கப்பல்காரர்களுக்கும் இருந்தது. கடைசியில் வாரியத்தின் மருத்துவர் ஒரு வழி சொன்னார். மனிதன் எந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிடுகிறானோ அந்த மண்ணின் தாதுக்கள்தான் அவன் எலும்பாகின்றன. செவ்வாய் மண்ணின் தாதுவையும் பூமி மண்ணின் தாதுவையும் பிரித்துக் காட்டும் எலும்புமானி ஒன்று மருத்துவமனையில் இருந்தது. கணுக்காலில் வளையம்போல் மாட்டினால் போதும். பாதி எலும்புக்கு மேல் செவ்வாய் மண் இருந்தால் அவன் செவ்வாய்க்காரன் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். நாச்சிமுத்துவுக்கு இது பிடித்திருந்தது. இன்பராஜ் மட்டும் சோதனைக்கு நின்றால் ஓரவஞ்சனை என்று பேச்சு வரும் என்பதால், முழு அணியும் மைதானத்தில், ஊர் பார்க்க, எலும்புமானியை மாட்டிக்கொள்ளட்டும் என்று அவரே ஏற்பாடு செய்தார்.

முதலில் இன்பராஜ் மாட்டிக்கொண்டான். திரையில் தொண்ணூற்றொன்று என்று எண் விழுந்தது. குழாய்த்தெருக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

அடுத்து அணித் தலைவன் விசாகன், நாச்சிமுத்துவின் பேரன், செவ்வாயிலேயே பிறந்தவன். முப்பத்து நான்கு.

இயந்திரத்தை அணைத்துவிட்டு மறுபடி போட்டார்கள். முப்பத்து மூன்று. பிறகு வந்த முதல் கப்பல் பிள்ளைகள் ஒருவரும் நாற்பதைத் தாண்டவில்லை. காரணம் மருத்துவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. வசதியான வீடுகளில் அரிசி முதல் மஞ்சள் வரை எல்லாம் பூமியிலிருந்து வந்தன. இங்கே விளையும் செங்கிழங்கையும் பாசிமாவையும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் குழாய்த்தெருக்காரர்கள் மட்டும்தான்.

நாச்சிமுத்து மேடையிலிருந்து இறங்கி வந்தார். இயந்திரத்தில் கோளாறு என்பதைத் தானே நிரூபித்துக் காட்டுவதாகச் சொல்லி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்காலை நீட்டினார். திரையில் பன்னிரண்டு என்று வந்தது. அவர் நிதானமாக வேட்டியை இறக்கிவிட்டு, இந்தச் சாமானை ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வாரியம் எலும்புச் சோதனையை ரத்து செய்தது. செவ்வாய்க் கப்பலில் வந்து இறங்கினாலே செவ்வாயில் பிறந்ததாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரியை விதியில் சேர்த்தது. அந்தப் பிற்பகலைப் பற்றி யாரும் அதன்பிறகு பேசவில்லை. இன்பராஜுக்குச் சிவப்புச் சட்டை கிடைத்தது.

அந்த வருடம் பூமி அணியில் கோல்கீப்பராக வந்திருந்தவன் வியாசர்பாடிக்காரன். தேவசகாயத்துக்கு இது பெரிய தர்மசங்கடமாகப் போயிற்று. ஆட்டத்தன்று அவர் காணாமல் போய்விட்டார். ஸ்டெல்லா தேடிப் பார்த்தபோது பூமி ஆதரவாளர்களின் வரிசையில், நீலக்கொடியை மடியில் மறைத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் ஆடுகிறான், இங்கே என்ன வேலை என்று அவள் கேட்டதற்கு, "இன்னா பண்ணச் சொல்ற? அந்த கோல்கீப்பரு நம்ம மூணாவது தெரு பையன். அவனுக்கு இங்க யாரு கீறாங்க?" என்றார்.

ஆட்டம் கடைசிவரை சமநிலையில் இருந்தது. பூமிக்காரர்கள் துள்ளித் துள்ளிக் களைத்திருந்தார்கள். இன்பராஜ் பந்தை வாங்கி, எம்பியவர்கள் இறங்குவதற்குள் அவர்களுக்கு அடியில் ஓடி, மூணாவது தெருப் பையனின் இடது கைக்குக் கீழே பந்தை உருட்டிவிட்டான். செம்புலம் முதன்முறையாகப் பூமியை வென்றது.

நாச்சிமுத்து மைதானத்துக்குள் ஓடிவந்து அவனைத் தூக்கினார். இந்த ஈர்ப்பில் எண்பது வயதுக்காரருக்கும் அது முடியும். 'செவ்வாயின் மைந்தன்' என்று கவிகை முழுவதும் எழுத்துகள் ஒளிர்ந்தன. வியாசர்பாடியில் அவனுக்கு ஆளுயரக் கட்அவுட் வைத்துப் பால் ஊற்றினார்கள். எங்கள் பேரன் பூமியைத் தோற்கடித்தான் என்று பூமியின் தொலைக்காட்சிகளே பெருமைப்பட்டன. பேட்டி எடுக்க வந்தவர்களிடம் தேவசகாயம் அழுதார். எந்தப் பக்கத்துக்காக அழுதார் என்று அவரே சொல்லவில்லை.

அதற்கடுத்த கோப்பையில் இன்பராஜ் ஒரு பெனால்ட்டியை விட்டான்.

விட்ட விதமும் மோசம். வாழ்நாளில் முதன்முறையாகப் பந்து அவன் காலிலிருந்து மேலே எழும்பியது. கூரைவலையில் பட்டு அது இறங்கும்வரை செம்புலம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அத்தனை நேரம் ஒரு தவறைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். அன்று மாலையே அவன் நாலாம் கப்பல்காரன் ஆகிவிட்டான். என்ன இருந்தாலும் வழியில் பிறந்தவனுக்கு மண்மேல் பற்று எப்படி வரும் என்று கடைகளில் பேசிக்கொண்டார்கள். வியாசர்பாடியில் கட்அவுட்டை இறக்கி, அந்தச் சட்டத்தில் வேறொருவர் படத்தை ஒட்டினார்கள். செவ்வாய்க்குப் போனவனுக்குக் கால் மட்டுமா, நெஞ்சும் மெலிந்துவிட்டது என்று அங்கே ஒரு விமர்சகர் எழுதினார்.

அதற்குப் பிறகு அவன் வாழ்க்கை இப்படியே ஏறி இறங்கியது. கோல் அடித்த வாரத்தில் முதல் கப்பல் வீட்டுப் பெண்கள் சந்தையில் ஸ்டெல்லாக்கா என்று நின்று பேசுவார்கள். அடிக்காத வாரத்தில் அவளைத் தாண்டிப் போய்ப் பூமி அரிசியை அளந்து வாங்குவார்கள். தாய் வாடிய முகத்தோடு வீடு திரும்பினால் தன் ஆட்டம் எப்படி இருந்தது என்பது இன்பராஜுக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு ஒரே ஒரு ஏக்கம் இருந்தது. தோற்றுவிட்டு வரும் ஒரு நாளில், யாராவது ஒரு முதல் கப்பல்காரர் அவனை நம்ம பையன் என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருட ஆட்டத்தில் அது நடக்கவே இல்லை.

அவன் முழங்கால்கள் தேய்ந்து, கோல்கள் குறைந்துபோன சமயத்தில் ஐந்தாம் கப்பல் வந்து இறங்கியது.

வந்தவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். குழாய்த்தெருவுக்கும் கீழே, கழிவுநீர்க் குழாய்கள் ஓடும் இன்னும் தாழ்ந்த சுரங்கத்தில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். ஒரே வாரத்தில் ஊர்ப் பேச்சு மாறிவிட்டது. தண்ணீர் அழுத்தம் குறைந்ததற்கு அவர்கள் காரணம். கவிகையில் புழுதி படிந்ததற்கும் அவர்கள் காரணம். "ஏலே ஏலேன்னு கூவிக்கினே இருக்குதுங்க. காதுக்குள்ள கொசு பூந்த மாரி கீது" என்றாள் ஸ்டெல்லா. செவ்வாயில் கொசு இல்லை. அவள் அதைப் பார்த்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது.

ஒருநாள் மதியம் நாச்சிமுத்து குழாய்த்தெருவுக்கு இறங்கி வந்தார். அவர் அங்கே வருவது அதுவே முதல் தடவை. ஸ்டெல்லாவின் மெஸ்ஸில் உட்கார்ந்து செங்கிழங்குப் பொரியலை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். தேவசகாயத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு, நாம் வந்த காலத்தில் எவ்வளவு அடக்கமாக இருந்தோம், இப்போது வருகிறவர்களுக்கு ஒரு முறை இருக்கிறதா என்று கேட்டார். தேவசகாயம் அதை முழு மனதோடு ஆமோதித்தார். இரண்டு பேரும் பிற்பகல் முழுவதும் பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் என்று அவர் சொன்னதைக் கேட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இன்பராஜின் கை நின்றுவிட்டது. அத்தனை கோல்களும் செய்யாததை ஒரு கப்பல் செய்துவிட்டிருந்தது. அந்த வாரமே அவனை வாரியத்தின் தேர்வுக் குழுவில் சேர்த்தார்கள்.

தேர்வாளன் என்ற முறையில் அவன் செய்த முதல் வேலை, கீழ்ச்சுரங்கத்துக்குப் போய் இசக்கித்தாயைக் கண்டுபிடித்தது. இருபது வயதுப் பெண். அந்தச் சுரங்கத்தில் நிமிர்ந்து நிற்கவே முடியாது. அவள் குனிந்தபடியே ஆடினாள். பந்து அவள் பாதத்தைவிட்டு ஒரு சாணுக்கு மேல் விலகவில்லை. இன்பராஜ் அவளை மறிக்கப் பார்த்தான். மூன்று முறை அவனைக் கடந்து போனாள். மூன்றாம் முறை அவன் சுவரில் மோதிக்கொண்டு சிரித்துவிட்டான்.

"ஊர்ல நீங்க ஆடுனதத்தான் போட்டுப் போட்டுப் பாப்போம் அண்ணாச்சி. இவுக இருக்க ஊருக்குத்தான் போணும்னு எங்கய்யாகிட்ட ஒத்தக்கால்ல நின்னேன்" என்றாள் அவள்.

அடுத்த இருகோள் கோப்பையில் அவள் சிவப்புச் சட்டை போடுவாள், அதற்குத் தான் பொறுப்பு என்று இன்பராஜ் வாக்குக் கொடுத்தான்.

வாரியக் கூட்டத்தில் நாச்சிமுத்து ஒரு தீர்மானத்தோடு வந்திருந்தார். ஐந்தாம் கப்பல்காரர்கள் இன்னும் இந்த மண்ணோடு பழகவில்லை, ஆகவே பத்து வருடத்துக்கு அவர்கள் யாரும் அணியில் ஆட வேண்டாம் என்றார். இன்பராஜ் எதிர்த்துப் பேச எழுந்தான். என்ன பேசுவது என்று மூன்று நாட்களாகத் தயார் செய்துவைத்திருந்தான். ஆனால் அவன் எழுந்ததை நாச்சிமுத்து ஆதரவு என்று எடுத்துக்கொண்டார்.

"பாருங்க, இன்பராசே எந்திரிச்சுட்டாரு. இதச் சொல்லறதுக்கு அவரவிட யாருக்குங்க தகுதி? போன வாரம் அவரு டீம் தோத்துச்சு, இல்லேங்கல. இந்த வருசம் ஒரு கோலும் அடிக்கல. அதனால என்னங்க? நம்ம பையன் நம்ம பையன்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள். விசாகன் எழுந்துவந்து அவனை அணைத்துக்கொண்டான். இன்பராஜ் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். தயார் செய்துவைத்திருந்த பேச்சு எங்கே ஆரம்பிக்கிறது என்பது அவனுக்கு மறந்துவிட்டது. இசக்கித்தாயின் முகம் நினைவுக்கு வந்தது. அதே சமயம் இந்த அறையின் வெதுவெதுப்பும் நன்றாக இருந்தது. பத்து வருடம் என்பது அதிகம், ஐந்தாகக் குறைக்கலாம் என்றான். அவனுடைய பெருந்தன்மையை எல்லோரும் பாராட்டினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வெளியே காத்திருந்தவளிடம், அவளுக்காகச் சண்டை போட்டுப் பாதியாகக் குறைத்துவிட்டதாக அவன் சொன்னான். சொல்லும்போது அதை அவனும் நம்பினான். கொஞ்சம் பொறுமை வேண்டும், நாங்களெல்லாம் வந்த புதிதில் எவ்வளவு பட்டிருக்கிறோம் தெரியுமா என்று ஆரம்பித்தான். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரி அண்ணாச்சி" என்றாள். "பூமி டீமு கப்பல்ல வந்துக்கிட்டு இருக்காவ. வழியில ஒருத்தருக்குக் கால் பிசகிட்டாம். இங்க வந்து ஒரு வருசங்கூட ஆகலல்லா, நான் இன்னும் பூமிக்காரிதான்னு சொல்லி ஆடக் கூப்பிட்டிருக்காவ. நான் சரின்னுட்டேன்."

இருகோள் கோப்பை ஆட்டம் இன்பராஜுக்குக் கடைசி ஆட்டம். பூமியின் நீலச் சட்டையில் இறங்கிய இசக்கித்தாய், நிமிர்ந்து ஆட இடம் கிடைத்ததும் கூண்டைத் திறந்துவிட்டதுபோல் ஓடினாள். செம்புலத்துக்காரர்கள் பந்தைத் தேடிக் கீழே பார்க்கும்போது அவள் மேலே அனுப்பினாள். அவர்கள் அண்ணாந்தபோது தரையில் உருட்டினாள். மூன்று கோல். மூன்றாவது கோலுக்கு முன் அவளை மறிக்க இன்பராஜ் மட்டும்தான் மிச்சம் இருந்தான். அவனைக் கடக்கும்போது, பார்த்து அண்ணாச்சி, விழுந்துராதீங்க என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவன் விழுந்தான்.

கடைசி விசில் ஊதியபோது செம்புலம் தோற்றிருந்தது. பிறகு பெரியவர்களின் வரிசையில் நாச்சிமுத்து எழுந்து நின்றார். கண்களில் நீர் வழிந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டத் தொடங்கினார்.

"பூமிக்காரங்க செயிச்சாங்கன்னு ஆருங்க சொன்னது? ஒரு வருசமா நம்ம தண்ணியக் குடிச்சு, நம்ம சுரங்கத்துல பழகின புள்ளைங்க அது. அவ நம்ம பொண்ணு."

அவ்வளவுதான். வரிசை வரிசையாக எழுந்தார்கள். ஸ்டெல்லாவும் எழுந்து, ஏலே இசக்கி என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். 'செவ்வாயின் மகள்' என்று கவிகையில் எழுத்துகள் ஒளிர்ந்தன. தோற்ற ஊர், ஜெயித்த சந்தோஷத்தோடு பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியது. வாரியம் மைதானத்திலேயே கூடி ஐந்து வருட விதியை நீக்கியது. இசக்கித்தாயைத் தோளில் தூக்கிக்கொண்டு விசாகனும் மற்றவர்களும் ஓடினார்கள்.

இன்பராஜ் கோல் கம்பத்தில் சாய்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாச்சிமுத்து போகிற வழியில் அவனைப் பார்த்து நின்றார். குனிந்து, உண்மையான பிரியத்தோடு அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"மனசு விட்டுராதீங்க தம்பி. உங்க ஆளுங்கள்ல இந்தளவுக்கு வந்தது நீங்க ஒருத்தர்தானுங்களே."